ரயில் ஓடினால்தான் பாலம் நிற்கும்

தஞ்சைப் பக்கம் பழமை என்றால் கோயில். அதை விட்டால் அரண்மனை, கோட்டை, சத்திரம். ரயில் பாலத்தை அந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை. வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் வந்துவிட்டது. அடுத்த வருஷம் திருச்சி வரை போனது. அகலப்பாதையாகத் தொடங்கி, 1870-களில் அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் ஆகி, நம் காலத்தில் மறுபடியும் அகலப்பாதை ஆன தடம் அது. டெல்டாவில் எந்தத் திசையில் தண்டவாளம் போட்டாலும் ஓர் ஆறோ வாய்க்காலோ வடிகாலோ குறுக்கே வரும். தோண்டினால் களியும் மணலும்தான், பாறை கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. இந்த மண்ணில் தூண் நிறுத்தி, அதன்மேல் ரயிலை ஓடவிட்டவர்களின் கைவேலையைக் கோபுரத்துக்கு இளைத்ததாக என்னால் நினைக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ரிப்பிள்ஹெட் என்று ஒரு கல் பாலம் இருக்கிறது. 24 கண் (தூணுக்குத் தூண் நடுவே உள்ள வளைவு), சுமார் 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். 1870-ல் தொடங்கி ஐந்து வருஷத்துக்குள் சதுப்பு நிலத்தில் எழுப்பினார்கள். ஆறு தூணுக்கு ஒரு தூணை மற்றதைவிடத் தடிமனாகக் கட்டியிருக்கிறார்கள். எங்காவது ஒரு தூண் சரிந்தாலும் சேதம் ஆறு கண்ணோடு நிற்க வேண்டும் என்ற கணக்கு அது. வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். விபத்திலும் அம்மையிலும் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இன்று அந்தப் பாலம் மட்டுமல்ல, அந்தக் கூலிக்காரர்களின் குடிசைகள் இருந்த திடலும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம்மூர் ஆறுகளுக்குள் இறங்கி அஸ்திவாரம் போட்டவர்கள் எங்கே தங்கினார்கள், எத்தனை பேர் ஊர் திரும்பவில்லை என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா?

அந்தப் பாலமும் சுலபமாகப் பிழைத்துவிடவில்லை. 1980-களில் கல் சிதைந்துவிட்டது, பழுதுபார்க்கப் பெரும் பணம் ஆகும் என்று சொல்லி அந்த ரயில் பாதையையே மூடப் பார்த்தார்கள். பாரத்தைக் குறைக்க 1985-ல் பாலத்தின்மேல் இரட்டைத் தடம் ஒற்றையானது. மக்கள் விடவில்லை. ஆட்சேப மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றில் ஒன்று ஒரு நாயின் பாதத்தடம். அது டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த நாய் என்பதால் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்! 1989-ல் மூடும் திட்டம் கைவிடப்பட்டது. பாலத்தைச் சரிசெய்தார்கள். இன்றும் அதன்மேல் ரயில் போகிறது.

நான் அழுத்திச் சொல்ல வருவது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். ரயில் போகிறவரை யாராவது வந்து விரிசல் பார்ப்பார்கள், இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவார்கள், கணக்கில் பணம் ஒதுக்குவார்கள். வண்டி நின்ற மறுநாளே பாலம் அநாதை. திருச்சியில் 1928-ல் கட்டிய கொள்ளிடம் பாலத்துக்கு என்ன ஆனது என்று பார்த்தோமே. அது சாலைப் பாலம்தான், ஆனாலும் கதை ஒன்றுதான். பக்கத்தில் புதுப்பாலம் வந்தது, பழையதில் வண்டி நின்றது, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்தன, பிறகு மிச்சத்தையும் இடித்தார்கள்.

மாயவரம்–தரங்கம்பாடி ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-ல் வந்தது, 1986-ல் நின்றது. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று எங்கள் பக்கத்து ஊர்களைக் கோத்துக்கொண்டு போன பாதை. அது போய் முடிந்த தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பு உண்டு, அருங்காட்சியகம் உண்டு. நல்லது, இருக்கட்டும். ஆனால் கடல் தாண்டி வியாபாரத்துக்கு வந்தவர்களின் கோட்டைக்குக் கிடைக்கிற மரியாதை, நம் பாட்டன்மார் மண் சுமந்து போட்ட பாதையின் மிச்சங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

மத்திய அரசின் 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு கட்டடத்தைத் தொன்மைச் சின்னமாக அறிவிக்க வேண்டுமானால் அதற்கு 100 வயது ஆகியிருக்க வேண்டும். தரங்கம்பாடிப் பாதைக்கு 2026-ல் அந்த வயது. 1861-ஆம் வருஷத்து வேலைகளில் மிஞ்சியிருப்பவை எப்போதோ அதைத் தாண்டிவிட்டன. தமிழ்நாட்டுக்கென்று 2012-ல் மரபு ஆணையச் சட்டமும் இயற்றியிருக்கிறார்கள். ஆக, சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

“அப்போ புது ரயிலே வேண்டாமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். தரங்கம்பாடிக்கு ரயில் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். போர்டு நட்டுக் கம்பிவேலி போடுவதைவிட எனக்கு அதுதான் முக்கியம். பழைய தூண் இன்றைய பாரத்தைத் தாங்காது என்றால் பக்கத்தில் புதிதாகக் கட்டட்டும், பழையதன்மேல் ஜனங்கள் நடக்கட்டும், சைக்கிளில் போகட்டும். பழுது பார்ப்பதையும் தெரிந்து பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டியதற்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, கல்லையும் செங்கல்லையும் அரித்துவிடும். கோயில்களில் இதைச் செய்துவிட்டு நாம் பட்டது போதும்.

முதல் வேலை கணக்கெடுப்பு. எந்த வாய்க்காலில் எந்தக் காலத்துப் பாலம், எத்தனை கண், கல்லா செங்கல்லா என்று ஒரு பட்டியல்கூட நம் கையில் இல்லை. ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். ஒவ்வொரு பாலத்தின் நம்பரும் எந்த மழைக்கு எது ஆட்டம் கண்டது என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். போய் உட்கார்ந்து பேசி எழுதி வாங்குங்கள். பாலத்தை நாலு பக்கமும் படம் எடுங்கள். ஊர் பேரோடு எனக்கு அனுப்புங்கள், சேர்த்து மனுவாகக் கொடுப்போம்.