மெடிக்கல் ஷாப்பை மட்டும் திட்டினால் ஐசியுவில் இருப்பவர் பிழைத்துவிடுவாரா?

எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்று எப்போது செய்தி வந்தாலும் நம் ஆட்கள் சொல்வது ஒன்றேதான்: சளிக்கும் காய்ச்சலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் வாங்கிப் போடும் ஜனங்களால்தான் இந்த நிலைமை. அதில் உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டு ஐசியுவில் சேர்ந்து, பத்தாவது நாள் நுரையீரலில் கிளெப்சியெல்லா வந்து கிடக்கும் பையன் அந்தக் கிருமியை மெடிக்கல் ஷாப்பில் இருந்து வாங்கி வரவில்லை. அது அவனுக்கு மருத்துவமனைக்குள் வந்தது. அங்கே என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இதற்கு மேல் சாட்சி வேண்டுமானால் பிறந்த குழந்தைகளைப் பாருங்கள். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ரத்தத்தில் தொற்று வந்த பச்சிளம் குழந்தைகளில் பாதிக்கு மேல் பிறந்து 72 மணி நேரத்துக்குள் தொற்றிக்கொண்டவை. அந்த ரத்தத்தில் வளர்ந்த அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கும் அடங்காதவை. மூன்று நாள் குழந்தை எந்தக் கடையில் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டது?

வென்டிலேட்டர் குழாய், கழுத்து நரம்பில் போடும் சென்ட்ரல் லைன், யூரின் டியூப். மூன்றும் உயிர் காப்பவைதான், கிருமி உள்ளே போகிற வழியும் இவைதான். அசினெட்டோபாக்டர் காய்ந்த கட்டில் கம்பியிலும் மானிட்டர் பட்டனிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒருவரின் சளியை உறிஞ்சி எடுத்த கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் கிருமியும் கூடவே போகிறது. இதைச் சொன்னதும் சிஸ்டர்கள் மேல் பழியைப் போட ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு சிஸ்டர் இருக்க வேண்டும். நைட் டியூட்டியில் மூன்று நான்கு கட்டில்களை ஒரே பெண் பார்க்கிறார் என்றால், ஒரு கட்டிலில் அலாரம் அடிக்க இன்னொரு கட்டிலில் இருந்து ஓடுகிறவரிடம், நின்று நிதானமாகக் கையைத் தேய்த்துவிட்டுப் போ என்று சுவரில் போஸ்டர் ஒட்டி என்ன பயன்? ஆள் போடுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டில் பாதி வேலை ஆள் எண்ணிக்கைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, தொற்று வந்துவிட்டது. இப்போது சிகிச்சை. இங்கேதான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

முதல் டோஸ் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும், அதாவது ரத்தத்தை லேபில் வைத்து என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்களுக்கு வருவது எப்படி? வெளியூரில் ஒரு நர்சிங் ஹோமில் நான்கு நாள் இருந்து, அங்கே செஃப்ட்ரையாக்சோன், அப்புறம் பிப்பராசிலின், அப்புறம் மெரோபெனம் எல்லாம் ஏறி, நிலைமை மோசமானதும் ரெஃபர் ஆகி வருவார். கையில் உள்ள சீட்டில் 'நரம்பு வழி ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரி. எது, எத்தனை கிராம், எத்தனை நாள், ஒன்றும் இருக்காது. கல்ச்சர் அனுப்பவே இல்லை. அதற்குப் பிறகு இங்கே எடுத்த ஒரே ஒரு பாட்டில், அதில் இரண்டு மில்லி ரத்தம். ஐந்து நாள் வைத்துப் பார்த்தும் எதுவும் வளராது. வளரவில்லை என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, ரத்தத்தில் ஏற்கெனவே மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அதன் பிறகு அந்த நோயாளிக்குப் போடுகிற ஒவ்வொரு மருந்தும் ஊகம்தான். பல இடங்களில் ஒரு கல்ச்சருக்கு ஆகிற செலவு, ஒரு நாள் மெரோபெனத்துக்கு ஆகிற செலவை விடக் குறைவு. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துத்தான் வீட்டை அடகு வைக்கும் அளவுக்குப் பில் ஏறுகிறது.

ஊகம் ஏன் வேலை செய்யாது என்றால், நிலைமை அப்படி. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கண்காணிப்பு அறிக்கைப்படி, 2016ல் கிளெப்சியெல்லாவில் 65 சதவீதம், மெரோபெனம் வகையைச் சேர்ந்த இமிபெனத்துக்கு அடங்கியது, 2021ல் 43 சதவீதம்தான். அதாவது பெரிய மருந்து என்று நாம் நினைப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் பாதிப் பேருக்கு மேல் அது தண்ணீர்தான்.

அதற்கு அடுத்து இருப்பது கொலிஸ்டின். 1950களிலேயே வந்த மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று கிட்டத்தட்ட ஒதுக்கி வைத்திருந்தார்கள், வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தோம். அப்படிக் கடைசியாக வைத்திருக்கும் மருந்தைத்தான் கோழி சீக்கிரம் எடை கூடட்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. இன்னொரு விஷயம், லேபில் வட்டமான காகித டிஸ்க் வைத்து கொலிஸ்டினைச் சோதிக்க முடியாது, கிருமி வளர்க்கும் ஜெல்லியான அகாரில் அந்த மருந்து சரியாகப் பரவாது. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தர அமைப்பு 2020 முதல் கொலிஸ்டினுக்கு 'எஸ்' (கிருமி இந்த மருந்துக்கு அடங்கும்) என்று எழுதுவதையே எடுத்துவிட்டது. அப்படியும் டிஸ்க் வைத்து 'எஸ்' போட்ட ரிப்போர்ட்டுகள் இன்னும் கண்ணில் படுகின்றன. அதை நம்பி மருந்து போட்டு ஒரு ஆளின் கிட்னி போனால் யார் பொறுப்பு?

என்.டி.எம்.-1 பற்றிப் பலருக்கு நினைவிருக்கும். 2008ல், டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் இருந்த கிருமியில் கண்டறிந்த நொதி, கார்பபெனம் (மெரோபெனம், இமிபெனம் வகை) மருந்துகளை உடைத்துப் போட்டுவிடும். 2010ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை வந்தபோது, சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்ததாகச் சொன்னார்கள். அப்போது டெல்லி பெயரை ஏன் வைத்தீர்கள், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றுதான் நாடு முழுக்கச் சண்டை நடந்தது. கிருமியைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் மானத்தைப் பற்றிப் பேசினோம். அந்தக் கோபம் அடங்கிய பிறகு 2012ல் இதே சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று, மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்த என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சென்னைப் பிரகடனம் வந்தது. 2014 மார்ச்சில் எச்1 அட்டவணை அமலுக்கு வந்து, கார்பபெனம் உட்பட 46 மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆனது. நல்ல விஷயம். ஆனால் மருத்துவமனைக்குள்ளே நடக்கும் பயன்பாட்டை அந்தப் பதிவேடு தொடாது.

என்.டி.எம். உள்ள கிருமிக்கு இன்று கையில் இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று செஃப்டாசிடிம்-அவிபாக்டமையும் அஸ்ட்ரியோனாமையும் சேர்த்துக் கொடுப்பது. அஸ்ட்ரியோனாமை என்.டி.எம். உடைக்காது. ஆனால் அதே கிருமியிடம் கூடவே இருக்கும் வேறு நொதிகள் உடைத்துவிடும். அவற்றை அவிபாக்டம் கட்டிப்போடும். இரண்டும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருந்தால்தான் பலன், ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை மதியமும் போட்டால் பாதி வீண். நம் ஊர் ஈ.கோலை கிருமிகள் சிலவற்றில் இந்தக் கூட்டும் தோற்றுப்போகிறது, அதனால் இரண்டையும் சேர்த்து லேபில் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். திரும்பவும் லேபுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

புது மருந்து வந்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். வரட்டும், எனக்கும் சந்தோஷம்தான். சென்னை ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டசோபாக்டம், செஃபிபிமோடு சேர்த்து, 2024ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நாம் உண்மையாகவே பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அது என்.டி.எம்.முக்கு ஆகாது. அதைவிடக் கீழ்ப்படியில் இருக்கும், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதி கொண்ட ஈ.எஸ்.பி.எல். கிருமிகளுக்குத்தான். எந்தக் கிருமி என்று தெரியாமல் அதையும் எல்லாருக்கும் போட ஆரம்பித்தால் சில வருடங்களில் அதையும் இழப்போம். இன்னொரு பக்கம், இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளைப் பற்றி 2025ல் வந்த ஆய்வு சொல்கிறது: 2019ல் கார்பபெனத்துக்கு அடங்காத தொற்று ஏறக்குறைய 15 லட்சம், சரியான மருந்து கிடைத்தது அதில் 6.9 சதவீதத்துக்கு. கடை வீதியில் ஆன்டிபயாடிக் கொட்டிக் கிடக்கும் நாட்டில், உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்குத் தேவையான மருந்து போய்ச் சேரவில்லை. இந்த எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு தவறு, ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பது. வென்டிலேட்டர் குழாயில் எடுத்த சளியில் கிருமி வளர்ந்தாலே அது நோய் என்று ஆகாது. காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் புதிதாக ஒன்றும் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை என்றால் அது சும்மா குடியிருக்கும் கிருமியாக இருக்கலாம். அதற்குக் கொலிஸ்டின் ஏற்றினால் கிட்னிதான் போகும். யூரின் டியூப் போட்டவரின் சிறுநீரிலும் இதே கதை. தேவையில்லாத டியூப்பைக் கழற்றுவதும் உள்ளே தேங்கிய சீழை வெளியே எடுப்பதும் பல நேரம் மருந்தை விடப் பெரிய வைத்தியம். நாள் கணக்கும் அப்படித்தான், ரத்தத் தொற்றுக்கு 7 நாள் போதுமா 14 நாள் வேண்டுமா என்று 3,608 நோயாளிகளை வைத்துச் செய்த பேலன்ஸ் ஆய்வு 2024 நவம்பரில் வந்தது. 7 நாள் கொடுத்தவர்கள் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில தொற்றுகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக ஊசியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை டாக்டர், பெரிய ஆன்டிபயாடிக்காகவே போடுங்க' என்று கெஞ்சாதீர்கள். அந்தப் பாசம் புரிகிறது. அதற்குப் பதிலாக, கல்ச்சர் எடுத்தாச்சா, ரிப்போர்ட் எப்போது வரும், வந்ததும் மருந்தை மாற்றுவீர்களா, இந்த டியூப் இன்னும் தேவையா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது என்ன ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்று எழுதி வாங்காமல் ஆம்புலன்ஸில் ஏறாதீர்கள்.

அரசிடம் கேட்பது இதுதான். 2022 ஜனவரியில் ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை இருந்தே ஆக வேண்டும், அப்படியென்றால் கட்டடமும் படித்த ஆட்களும் இருக்கிறார்கள். அந்த லேப் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கல்ச்சர் பாட்டிலை வாங்கட்டும். சுற்று வட்டாரத் தாலுகா மருத்துவமனைகளின் மாதிரியும் அங்கே வரட்டும். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் அடங்குகிறது என்ற ஆன்டிபயோகிராமை வருடா வருடம் ஒவ்வொரு மருத்துவமனையும் பொதுவில் போடட்டும், கேரளம் மாநில அளவில் வெளியிடுகிறது, நம்மால் முடியாதா? தனியார் மருத்துவமனைகளுக்கும் அதே விதி வேண்டும்.

உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் சனிக்கிழமை ராத்திரி ரத்தக் கல்ச்சர் எடுக்கிறார்களா, எடுத்தால் ரிப்போர்ட் வர எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள் பெயர் போட வேண்டாம், இன்பாக்ஸில் சொன்னால் போதும். மாவட்ட வாரியாகத் தொகுத்து சுகாதாரத் துறைக்கு மனுவாகக் கொடுக்கப் போகிறேன்.