கைபேசியில் வெயில்

(இங்கிலாந்து. வொர்ஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாய், டார்டிபிக் மேல் லாக். லாக் என்பது இரு பக்கமும் கதவு வைத்து, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகுகளை ஏற்றி இறக்கும் தொட்டி. வாடகைப் படகில் வந்த ஒருவரும், லாக்கைப் பார்த்துக்கொள்ளும் காவலர் அம்மாவும். ஜூலை மாதம், ஆகவே மழை.)

படகுக்காரர்: வானம் கொட்டுகிறது. நீங்கள் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்கிறீர்கள். என்ன மேடம் இது?

காவலர் அம்மா: கீழேயிருந்து ஒரு படகு ஏறி வருகிறது. லாக்கில் தண்ணீர் இறங்கித்தான் இருக்கிறது. அவர்கள் நுழைந்து, நிரப்பி, மேலே வந்துவிட்டால், நிரம்பிய லாக்கில் நீங்கள் இறங்கலாம். ஒரே தண்ணீரில் இரண்டு படகு.

படகுக்காரர்: எவ்வளவு நேரம் ஆகும்?

காவலர் அம்மா: கால் மணி நேரம்.

படகுக்காரர்: இந்த மழையிலா! கைபேசியில் வெயில் என்றுதான் போட்டிருக்கிறது.

காவலர் அம்மா: அப்படியானால் நீங்கள் நனையவில்லை. நில்லுங்கள்.

படகுக்காரர்: ஒரு தடவை கூடுதலாக நிரப்பினால் என்ன குறைந்துவிடும்?

காவலர் அம்மா: லட்சம் லிட்டருக்குக் குறையாது. இங்கே வரிசையாக 30 லாக். நாம் நிற்பது உச்சி. இங்கிருந்து இறங்குகிற தண்ணீர் தானாகத் திரும்பி ஏறி வராது.

படகுக்காரர்: அதற்குத்தானே மழை?

காவலர் அம்மா: கோடை மழையை மண்ணும் மரமும் குடித்துவிடும். கால்வாய்க்குத் தண்ணீர் தரும் ஏரி நிறைவது குளிர்காலத்தில். உங்களைப் போன்றவர்கள் அப்போது வருவதில்லை. அதனால்தான் நிறைகிறதோ என்னவோ.

படகுக்காரர்: இதையெல்லாம் பணம் கட்டும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் ஆலங்கட்டி. மறுநாள் இரும்புக் கூரையில் கை வைக்க முடியாத வெயில். அதற்கடுத்து அடித்த காற்றில் படகு முன்னால் போகாமல் பக்கவாட்டில் போனது. பாதிப் பணத்தையாவது திருப்பித் தாருங்கள்.

காவலர் அம்மா: நானா?

படகுக்காரர்: உயிர்காப்புச் சட்டை போட்டிருக்கிறீர்கள். முதுகில் ஏதோ எழுதியிருக்கிறது. படகுக் கம்பெனி ஆள்தானே?

காவலர் அம்மா: தன்னார்வலர் என்று எழுதியிருக்கிறது. எனக்குச் சம்பளம் கிடையாது.

படகுக்காரர்: சம்பளம் இல்லாமலா இவ்வளவு அதிகாரம்?

காவலர் அம்மா: சம்பளம் வாங்கினால் உங்களிடம் மரியாதையாகப் பேச வேண்டியிருக்கும்.

(இந்த இடத்தில் படகுக்காரர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அவர் மறுபடியும் வாய் திறந்ததும் போய்விட்டது.)

படகுக்காரர்: அப்படியானால் வெயிலுக்கு யாரிடம் பணம் கேட்பது?

காவலர் அம்மா: கைபேசியிடம். அதுதானே வாக்குக் கொடுத்தது.

படகுக்காரர்: சரி, ஒரு மதகை மட்டும் லேசாகத் திறந்து வைக்கிறேன். நேரம் மிச்சமாகும்.

காவலர் அம்மா: கையை எடுங்கள். போன வாரம் ஒருவர் இப்படித்தான் மதகைத் திறந்துவிட்டு, மூடாமல் பப்புக்குப் போய்விட்டார். விடிவதற்குள் இரண்டு லாக்குகளுக்கு நடுவே கால்வாய் வற்றி, கட்டியிருந்த படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஒன்றில் வயதான தம்பதி. அவர்களுக்கு வீடே அந்தப் படகுதான். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்திருக்கிறார்கள். மதகைத் திறந்தவர் வாரம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். படகை வாடகைக்கு எடுத்தால் கால்வாயையும் சேர்த்து வாங்கியதாக உங்களுக்கெல்லாம் நினைப்பு.

படகுக்காரர்: அவருக்கு என்ன அவசரமோ.

காவலர் அம்மா: இங்கே மணிக்கு 4 மைலுக்கு மேல் போகவே கூடாது. இதில் என்ன அவசரம்?

படகுக்காரர்: மழை வந்திருக்கும்.

காவலர் அம்மா: வரவில்லை. அவர் கைபேசியில் மழை என்று போட்டிருந்ததாம்.

(கீழிருந்து வந்த படகு ஏறிவிட்டது. அதில் இருந்தவர்கள் நன்றி சொன்னார்கள். இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.)

படகுக்காரர்: அட, வெயில்! கைபேசி சொன்னது சரியாகப் போயிற்றே!

காவலர் அம்மா: இப்போது என்ன சொல்கிறது, பாருங்கள்.

படகுக்காரர்: ...மழை.

(கழற்றப் போன மழைக்கோட்டுக்கு மறுபடியும் பொத்தான் போடுகிறார். நான் இட்டுக்கட்டவில்லை.)

காவலர் அம்மா: உள்ளே போங்கள். சுவர் ஓரம் வெள்ளைக் கோடு தெரிகிறதா? படகின் பின்பக்கம் அதைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் இறங்கும்போது பின்பகுதி மேல் கதவின் அடியில் இருக்கும் கல் மேட்டில் மாட்டிக்கொள்ளும். முன்பகுதி தண்ணீருக்குள் போகும்.

படகுக்காரர்: சரி, சரி. 30 லாக்கையும் நீங்களே திறந்துவிடுவீர்கள் அல்லவா?

காவலர் அம்மா: நான் இது ஒன்றுக்குத்தான். மற்ற 29-ஐயும் திறக்கப் போகிறவர் அதோ மதகு திறக்கும் கைப்பிடியோடு நிற்கிறார். உங்கள் மனைவிதானே?

படகுக்காரர்: ஆமாம். நான் சுக்கான் பிடிப்பேன், அவள் மதகு திறப்பாள். அவளுக்கு இதெல்லாம் பிடிக்கும்.

காவலர் அம்மா: தொப்பலாக நனைந்திருக்கிறாரே, அவருடைய மழைக்கோட்டு எங்கே?

படகுக்காரர்: ஒன்றுதான் எடுத்து வந்தோம். கைபேசியில் வெயில் என்று போட்டிருந்ததே!

காவலர் அம்மா: இப்போது மழை என்று போட்டிருக்கிறது. அந்தக் கோட்டையும் சுக்கானையும் அவரிடம் கொடுங்கள். கைப்பிடியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.