2012-க்கு முன்பே இருந்தது

"படைப்பிரிவு ஒரு போரிலிருந்து அடுத்த போருக்குத் தன் வரலாற்றைச் சுமந்து போவது 2012-இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்னோன் என்ற கணினி விளையாட்டில்தான் தொடங்கியது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பு. 1994-இலேயே பான்சர் ஜெனரல் என்ற கணினிப் போர் விளையாட்டில் அது இருந்தது. அங்கே அடிபட்ட டாங்கிப் பிரிவுக்குப் புது ஆட்களைச் சேர்த்தால் செலவு குறைவு, ஆனால் சேர்த்துவைத்த அனுபவப் புள்ளி சட்டென்று இறங்கும். தேர்ந்த ஆட்களைச் சேர்த்தால் அனுபவம் அப்படியே நிற்கும், விளையாட்டில் பணம் போலச் செலவாகும் மதிப்புப் புள்ளிதான் கரையும் (நான் எப்போதும் இதில்தான் திவாலாவேன்). அனுபவம் ஏற ஏற, ஒரு பிரிவின் வழக்கமான 10 பலப் புள்ளி 15 வரைகூடப் போகும். எக்ஸ்காமில் இறந்தவர்களுக்கு நினைவுச்சுவர் உண்டு, அது அழகுதான், சரி. ஆனால் அது செத்தவர்களின் பதிவு. உயிரோடிருக்கும் பிரிவு பழைய சண்டைகளின் தழும்போடு வருவது வேறு விஷயம்.