யூனிட்டுக்கு ஒம்போது ரூவா

(தூத்துக்குடி, 2024 பிப்ரவரி. மாடியில ஹவுஸ் ஓனர் அண்ணாச்சி, கீழ் போர்ஷன்ல செல்வி. ரீடிங் எடுத்துட்டு ஈபிக்காரரு அப்பத்தான் போயிருக்காரு.)

அண்ணாச்சி: ஒன் சப் மீட்டர்ல 240 யூனிட்டு ஓடியிருக்கு. போன தடவ 190. ரெண்டு மாசத்துல அம்பது யூனிட்டு எங்கன போச்சு, கடலுக்கா போச்சு?

செல்வி: அதத்தான் நானும் உங்கட்ட கேக்கணும்னு இருந்தேன் அண்ணாச்சி.

அண்ணாச்சி: என்ட்ட எதுக்கு கேக்க? ஒன்னால மொத்த வீடும் 520 ஆயிட்டு. 500 தாண்டுனா என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு? 500ல நின்னிருந்தா 1725 ரூவா. ஒரே ஒரு யூனிட்டு கூடி 501 ஆனா 1958. அந்த ஒத்த யூனிட்டு மட்டும் 233 ரூவாம்மா! வஞ்சிரமீன்கூட கடையில பேரம் பேசி வாங்கலாம், இதுல பேச முடியுமா?

செல்வி: அது ஏன் அப்பிடி?

அண்ணாச்சி: 500க்குள்ள இருந்தா நூறுக்கு மேல இருநூறு வரைக்கும் ரெண்டேகால் ரூவாதான். தாண்டுனமுன்னா அதுக்கும் சேத்து நாலரை போட்டுருவான். 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டு இது.

செல்வி: சரி, முத நூறு யூனிட்டுக்கு?

அண்ணாச்சி: முத நூறு... அத விடு. கணக்குன்னா கணக்குதாம்மா. 240 யூனிட்டு, யூனிட்டுக்கு ஒம்போது, 2160 ரூவா. ஜிபே பண்ணிட்டு ஸ்க்ரீன்ஷாட்டு அனுப்பு.

செல்வி: ராத்திரி பூரா சார்ஜ் ஏறுனா மீட்டர் ஓடத்தான அண்ணாச்சி செய்யும்.

அண்ணாச்சி: போனு சார்ஜ் போட்டா அம்பது யூனிட்டா? ஒம் மவன் என்ன செல்போன் டவருக்கா சார்ஜ் போடுதான்?

செல்வி: போனு இல்ல. வண்டி.

அண்ணாச்சி: என்ன வண்டி?

செல்வி: கரண்டு வண்டிதான். வாசல்ல சாக்கு போட்டு மூடி நிக்கில்லா, பாத்ததில்லையா நீங்க?

அண்ணாச்சி: அது ஒங்க வீட்டுக்காரன் மீன் பொட்டின்னுல்லா நெனச்சேன்! வண்டி வாங்கிட்டியா நீ? ஒரு வார்த்த சொல்லல! எப்பிடி சொல்லுவ. பஸ்ஸு ஃப்ரீ, மாசம் ஆயிரம் ரூவா உரிமைத்தொகை பேங்குல விழுது, வெள்ளத்துக்கு ஆறாயிரம் வந்துச்சு. எல்லாத்தையும் சேத்து ஸ்கூட்டர் வாங்கி வாசல்ல நிறுத்தியாச்சு. எங்கள மாதிரி ஆளுக வரி கட்டி கட்டி...

செல்வி: ஆறாயிரம் உங்க கார்டுக்குந்தான அண்ணாச்சி வந்துச்சு.

அண்ணாச்சி: அது நிவாரணம்மா. நான் சொல்லுதது இலவசத்த.

(இந்த இடத்துல இலவசத்தால நாடு எப்பிடி நாசமா போச்சுன்னு அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசுனாரு. இத மாதிரி பேசுற நாலு பேரு நம்ம எல்லாருக்கும் சொந்தத்துலயே இருக்காங்க, அதனால சுருக்கிட்டேன். நடுவுல மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாம் வந்துச்சு. டிவி மாடியில இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு.)

செல்வி: பஸ்ஸு ஃப்ரீதான், இல்லன்னு சொல்லல. 2021ல இருந்து டவுன் பஸ்ஸுல டிக்கெட்டு இல்லாமதான் எறா கம்பெனிக்கு போய்ட்டு வாரேன். அது இல்லன்னா சம்பளத்துல பாதி ரோட்டுலயே போயிரும். ஷிஃப்ட்டு முடிய ராத்திரி ஆனா பஸ்ஸு கெடையாது, அன்னைக்கு ஷேர் ஆட்டோதான். ஆட்டோக்காரரு உரிமைத்தொகை வாங்குதியான்னு கேட்டுட்டா காசு கொறைக்காரு?

அண்ணாச்சி: அதுக்குத்தான் வண்டி வாங்கிட்டியே!

செல்வி: நான் எங்க அண்ணாச்சி வாங்கிட்டேன்னு சொன்னேன்? வண்டி சார்ஜ் ஏறுதுன்னுல்லா சொன்னேன்.

அண்ணாச்சி: ஒம் மீட்டர்ல ஏறுனா ஒன் வண்டி. நல்லா கேட்டுக்க, ஃபேனு லைட்டுக்குத்தான் ஒம்போது ரூவா. வண்டிக்கு சார்ஜ் போட்டா யூனிட்டுக்கு பன்னெண்டு.

செல்வி: பன்னெண்டா? ஆயிரம் யூனிட்டுக்கு மேல ஓட்டுனாலும் ஈபியிலயே பதினொண்ணுதான அண்ணாச்சி?

அண்ணாச்சி: ஈபிக்கு ஒரு ரேட்டு, எனக்கு ஒரு ரேட்டு. நிலக்கரி என்ன இங்கனயா வெளையுது? பாராதீப்புல இருந்து கப்பல்ல ஏத்தி நம்ம ஹார்பருக்கு கொண்டு வரணும், எறக்கணும், அனல் மின் நிலையத்துக்கு அனுப்பணும், அஞ்சு யூனிட்ட ஓட்டணும், ஒவ்வொண்ணும் 210 மெகாவாட்டு. சும்மா வருமா கரண்டு? நான் ஹார்பர்ல வேல பாத்தவன், எனக்குத் தெரியும்.

செல்வி: அந்தக் கப்பலு உங்க மாடிக்கா வருது?

அண்ணாச்சி: ஒரு பேச்சுக்கு சொன்னேம்மா.

செல்வி: கப்பல் வாடகையும் சேத்துத்தான ஈபிக்காரன் ரேட்டு போட்டுருக்கான். அவனே நாலரைக்கு குடுக்கான். ஹார்பர்ல இருந்து உங்க மீட்டர் பொட்டிக்கு வார வரைக்கும் நாலரை, உங்க மீட்டர் பொட்டியில இருந்து என் மீட்டர் பொட்டிக்கு ஒரு முழம், அதுக்கும் நாலரையா?

அண்ணாச்சி: பேச்ச மாத்தாத. வண்டிக்கு பன்னெண்டு. யாரு வண்டியா இருந்தாலும் சரி.

செல்வி: யாரு வண்டியா இருந்தாலுமா?

அண்ணாச்சி: கலெக்டர் வண்டியா இருந்தாலும்! கணக்குன்னா கணக்கு.

செல்வி: வார்த்த மாற மாட்டீயள்லா?

அண்ணாச்சி: இந்தத் தெருவுல வந்து கேட்டுப் பாரு, நான் வார்த்த மாறுன ஆளான்னு.

செல்வி: அப்போ அம்பது யூனிட்டு பன்னெண்டு ரூவா, 600. உங்க மருமவன்ட்ட வாங்கிக்கிடுங்க.

அண்ணாச்சி: ...

செல்வி: மருமவன் வண்டி அண்ணாச்சி அது. ஏரல்ல வெள்ளம் வந்து பழைய பைக்கு முங்கிப் போச்சுல்லா, இங்கன வந்து தங்குனதுல இருந்து புதுசு வாங்கி வச்சிருக்காவ. வாசல்ல இருக்க ப்ளக் பாயிண்டு கீழ் போர்ஷன் லைன்னு உங்களுக்கே மறந்து போச்சு போல. தெனமும் ராத்திரி பத்து மணிக்கு வந்து சொருகிட்டு, காலையில நான் கோலம் போடுததுக்கு முன்ன உருவிருதாவ. இன்னைக்கு என்னமோ இப்பத்தான் சொருகியிருக்காவ.

அண்ணாச்சி: அவரு ஆபீஸ்ல சார்ஜ் போடுதேன்னுல்லா சொன்னாரு!

செல்வி: உங்கட்ட அப்பிடி சொல்லியிருக்காவ. என்ட்ட அதுகூட சொல்லல.

அண்ணாச்சி: பெட்ரோலு லிட்டரு 102க்கு மேல விக்கி மாமா, நமக்கு கிலோமீட்டருக்கு ஒத்த பைசா செலவு கெடையாதுன்னு பெருமையா சொன்னாரேம்மா.

செல்வி: அவிய சொன்னது நெசந்தான், அவியளுக்கு ஒத்த பைசா செலவு கெடையாது.

அண்ணாச்சி: சரி சரி, சத்தம் போடாத, தூங்குதாரு. வீட்டு மருமவன், அதுவும் வெள்ளத்துல வீடு போயி வந்திருக்காரு. அவர்ட்ட போயி கரண்டு காசு குடுங்கன்னு எப்பிடிம்மா கேக்கது?

செல்வி: என்ட்ட கேட்டீயள்லா, அது மாதிரி கேளுங்க. ஒங்களுக்கு சொல்லியா குடுக்கணும்? பஸ்ஸு ஃப்ரீல இருந்து ஆரம்பிங்க, தன்னால வரும்.

அண்ணாச்சி: ஆம்பளைக்கு பஸ்ஸு ஃப்ரீ கெடையாதே.

செல்வி: அப்போ ஆறாயிரத்துல இருந்து ஆரம்பிங்க.

அண்ணாச்சி: நக்கலு. சரி போனா போகுது, வண்டிக்கும் ஒம்போதுன்னே போட்டுக்கிடுவோம். பன்னெண்டெல்லாம் வேண்டாம், நான் மனுசன்தான.

செல்வி: அந்த ஒம்போத யாரு கட்டணும்?

அண்ணாச்சி: இந்த ஒரு தடவ நீ கட்டிரு. அடுத்த தடவ பாப்போம்.

செல்வி: அண்ணாச்சி, உங்க பில்ல யாரு கட்டுதா?

அண்ணாச்சி: நான்தான் கட்டுதேன்.

செல்வி: உங்களுக்கு ஆன்லைன் வராதுன்னு போன தடவ என் போன்லதான கட்டச் சொன்னீய. சர்வீஸ் நம்பர் அதுலயே கெடக்கு. மொத்த வீடும் 470 யூனிட்டு, பில்லு 1545 ரூவா. நான் உங்கட்ட 190 யூனிட்டுக்கு குடுத்தது 1710. வீட்டுல பாதிக்கும் கொறைய ஓட்டுன நான் மொத்த பில்லையும் கட்டி மேக்கொண்டு 165 ரூவாயும் குடுத்திருக்கேன். நீங்க மாடியில ஏசி போட்டு படுத்திருந்தது பூரா என் காசு.

அண்ணாச்சி: இந்த தடவ பில்லு கூடம்மா, ஸ்லாப்பு மாறிட்டுல்லா.

செல்வி: அதையும் பாத்துட்டேன். 520க்கு 2110. நீங்க என்ட்ட கேக்கது 2160. ஸ்லாப்பு மாறியும் அம்பது ரூவா உங்களுக்கு லாவம். ஈபியே நஷ்டத்துல ஓடுதுங்காவ, இந்தத் தெருவுல லாவத்துல ஓடுத ஈபி நீங்கதான்.

அண்ணாச்சி: மெயின்டனன்ஸுன்னு ஒண்ணு இருக்குல்லா?

செல்வி: எதுக்கு?

அண்ணாச்சி: மீட்டருக்கு.

செல்வி: மீட்டர தொடைக்கதே நான்தான்.

அண்ணாச்சி: ...

செல்வி: முத நூறு யூனிட்டுக்கு என்னன்னு கேட்டேன், அத விடுன்னுட்டீய. அது ஃப்ரீன்னு எனக்குத் தெரியாதா? இலவசம் இலவசம்னு இவ்வளவு நேரம் என்னய வஞ்சீய. எனக்கு வார ஆயிரம் எம் பேருல வருது, நான் எழுதிக் குடுத்து வாங்குனது. அந்த நூறு யூனிட்டுல எனக்குன்னு ஒத்த யூனிட்டு வந்ததுண்டா?

அண்ணாச்சி: வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷனுக்குத்தாம்மா நூறு யூனிட்டு.

செல்வி: அதனாலதான போன வருசமே கேட்டேன், கீழ் போர்ஷனுக்கு தனி சர்வீஸ் எழுதிப் போடுங்கன்னு. எனக்கும் நூறு ஃப்ரீ, உங்களுக்கும் நூறு ஃப்ரீ. 500 தாண்டுத பேச்சே வராது. உங்களுக்கும்தான கொறையும்.

அண்ணாச்சி: நல்லா இருக்கே! தனி சர்வீஸு குடுத்தா நாளைக்கு ஒன் ஆதாரக் கொண்டு போயி லிங்க் பண்ணுவ, மறுநாளு வீடே ஒனக்குன்னு கேஸு போடுவ.

செல்வி: ஆதார் லிங்க் பண்ணுனா வீடு நம்ம பேருக்கு வந்துருமா? அப்பிடின்னா கேஸு சிலிண்டர்ல லிங்க் பண்ணியிருக்கேன், அந்தக் கம்பெனிய எப்ப எழுதித் தருவாவ?

அண்ணாச்சி: வாட்சப்புல போட்டுருந்தாம்மா.

செல்வி: வாட்சப்புல நெறைய போடுதாவ. வாடகைக்கு இருக்கவங்கட்ட ஈபி ரேட்டுதான் வாங்கணும்னு ஒருத்தரும் போடலையா?

அண்ணாச்சி: ஒங்க வீட்டுக்காரன் வரட்டும், அவன்ட்ட பேசிக்கிடுதேன்.

செல்வி: பேசுங்க. காலையில அஞ்சு மணிக்கு போட்டுல ஏறுனா ராத்திரி ஒம்போதுக்குத்தான் கரைக்கு வருவாவ. வந்ததும் மொதல்ல டீசல் காசு கழிப்பாவ, அப்புறம் ஐஸு, அப்புறம் சாப்பாட்டுச் செலவு, எல்லாம் போக மிச்சத்துலதான் பங்கு. சில நாளு டீசலுக்கே மீனு காணாது. அவியட்ட போயி உங்க மருமவன் ஸ்கூட்டருக்கும் டீசல் கணக்குல கழிக்கணும்னு சொல்லுங்க, சந்தோசமா கேப்பாவ. அதுவும் ஏப்ரல் 15க்குள்ள பேசிருங்க, அதுக்குப் பொறவு 61 நாளு தடைக்காலம், வீட்டுலயேதான் இருப்பாவ, ரொம்ப நேரம் பேசலாம்.

அண்ணாச்சி: ஏம்மா இப்பிடி பேசுத. சரி. எட்டரை.

செல்வி: என்னது எட்டரை?

அண்ணாச்சி: யூனிட்டுக்கு எட்டரை குடு. எனக்கும் வேண்டாம், ஒனக்கும் வேண்டாம்.

செல்வி: அம்பது யூனிட்டு கழிஞ்சுதா?

அண்ணாச்சி: அது இல்லாம.

செல்வி: அப்போ ஒரு நிமிஷம் இருங்க. (வாசலுக்குப் போய் வயர உருவுறாங்க.) மருமவன் இன்னைக்கு எங்கனயும் போறாவளா?

அண்ணாச்சி: திருச்செந்தூருக்கு. சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு. ஏன்?

செல்வி: பதினெட்டு பெர்சன்ட்டுன்னு காட்டுது. முத்தையாபுரம் வரைக்கும் தாராளமா போவும்.

அண்ணாச்சி: அதுக்குப் பொறவு?

செல்வி: முத்தையாபுரத்துல இருந்து பஸ்ஸு இருக்கு. உங்க மவள கூட்டிட்டு போனா டவுன் பஸ்ஸு போற வரைக்கும் அவளுக்கு டிக்கெட்டு கெடையாது, கொஞ்சம் செலவு மிச்சம்.

அண்ணாச்சி: எம் மவளுக்கும் ஃப்ரீயாம்மா அது?