கேப் டவுன் போனால் அந்தக் குதிருக்குள்ளும் போய் வாருங்கள்

டர்பனிலிருந்து கேப் டவுனுக்குச் சுற்றுலா போகும் நம் ஆட்கள் டேபிள் மவுண்டன் ஏறுவார்கள், துறைமுகத்தை ஒட்டிய வாட்டர்பிரண்டில் கடை கடையாக நடப்பார்கள். அதே வாட்டர்பிரண்டில் நிற்கும், ஆப்பிரிக்காவின் தற்காலக் கலைக்கான சைட்ஸ் மொக்கா அருங்காட்சியகத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். "மாடர்ன் ஆர்ட்டெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். பார்த்துவிட்டு வந்தபின் சொல்கிறேன், அவசியம் நாம் போக வேண்டிய இடம் அது.

அது மீலி, அதாவது மக்காச்சோளம், சேமித்து வைத்த கட்டடம். உள்நாட்டில் விளைந்ததை ரயிலில் கொண்டுவந்து கொட்டி, கப்பலேற்றும் வரை வைத்திருக்க 1920களில் துறைமுகத்தில் எழுப்பிய கான்கிரீட் குதிர். 57 மீட்டர் உயரம், உள்ளே தானியம் கொட்டி வைக்க 42 கான்கிரீட் குழாய்கள். வேலை நின்றுபோய்ப் பல வருடம் சும்மா கிடந்தது. தாமஸ் ஹெதர்விக் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அதை இடிக்காமல் உள்ளேயே குடைந்தார். ஒரே ஒரு மீலி மணியின் வடிவத்தை எடுத்துப் பல மடங்கு பெரிதாக்கி, அந்த வடிவத்தில் குழாய்களின் நடுவே வெட்டினார்கள். பழைய சுவர் மெல்லியது என்பதால் முதலில் உள்ளே புது கான்கிரீட் ஊற்றி உறுதிப்படுத்திவிட்டுத்தான் வெட்டு. வெட்டிய விளிம்புகளைப் பளபளவென்று தேய்த்திருக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஜல்லி தெரிகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், நறுக்கிய மூங்கில் கட்டு மாதிரி குழாய்களின் வாய் திறந்திருக்க, மேலே கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்குகிறது. எனக்குப் பேச்சே வரவில்லை. அங்கிருக்கும் கலைப்படைப்புகளில் முதலிடம் இந்தக் கட்டடத்துக்குத்தான் கொடுப்பேன்.

2017 செப்டம்பரில் திறந்தபோது, ஒரு ஜெர்மன் தொழிலதிபரின் சேகரிப்பை வைத்து ஆப்பிரிக்கக் கலைக்கு அருங்காட்சியகமா என்று விமர்சனம் எழுந்தது. நியாயமான கேள்விதான். 2019இல் கேமரூனில் பிறந்த கோயோ கூவோ தலைமை ஏற்று அந்த இடத்துக்கு ஒரு திசை கொடுத்தார். 2025 மே மாதம் அவர் இறந்தது பெரிய இழப்பு.

எனக்குப் போதாமல் பட்டது ஒன்று உண்டு. அந்தக் குதிரில் தூசி தின்று வேலை பார்த்த தொழிலாளிகளைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம். மீலி மணிக்குக் கிடைத்த மரியாதை அதைச் சுமந்த தோளுக்கும் வேண்டாமா?

அங்கே நிற்கும்போது மனசு முழுக்க டர்பன்தான். 1860இல் மதராஸிலிருந்து டுரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்த நம் பாட்டன் பூட்டன்களும் கரும்பு வெட்டினார்கள், ஆலையில் சாறு காய்ச்சினார்கள். டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1898இல் கட்டிய பிள்ளையார் கோயில் இன்றும் இருக்கிறது. நம் ஜனங்கள் விடாமல் பார்த்துக்கொண்டார்கள். அங்கிருந்த சர்க்கரை ஆலை மூடிப்போய்விட்டது. கரும்புக் காடாக இருந்த நிலத்தில் இப்போது கோல்ஃப் மைதானமும் வேலி போட்ட வீடுகளும். அங்கே விளையாட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

டர்பன் துறைமுகத்தின் மேடன் வார்ஃபில் சர்க்கரையை மலைபோல் குவித்து வைக்கும் பெரிய கிடங்குகளைப் பாருங்கள். அவற்றுக்கும் ஒருநாள் வேலை முடியும். அன்றைக்கு புல்டோசர் வந்த பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை. நகராட்சியிடமும் சர்க்கரைக் கம்பெனிகளிடமும் இப்போதே பேச வேண்டும். கேப் டவுனால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? டர்பனில் நம் ஜனங்கள் வாழும் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் படம் வரைகிற, சிற்பம் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையை மாட்ட ஒரு சுவர் வேண்டும், அது நம் வியர்வை பட்ட சுவராக இருக்கட்டும்.

சரி, ஒரு வேண்டுகோள். பழைய ஆலைகளின் உட்புறப் படம், கூலிச் சீட்டு, கூலிகள் தங்கிய வரிசை வீடுகளான பாரக் வீடுகளின் படம் ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் ஊர், வருடத்தோடு கீழே பதிவிடுங்கள். வருடம் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள்.