அந்தக் கார்டு கொசுறு இல்லை

அக்கா வீட்டு அத்தான் கோவாவுக்குப் போய்விட்டு வந்து, பர்ஸிலிருந்து அங்கே கேசினோ என்ற சூதாட்ட விடுதியில் கொடுத்த ஒரு கார்டை எடுத்து எங்கள் கடை மேசையில் வைத்தார். தங்க நிறம். அவர் பெயரை அதில் அச்சடித்திருந்தார்கள். "மாப்ள, இனிமே ரூமு சும்மா தாரான், சாப்பாடு சும்மா தாரான். நமக்கு என்ன நட்டம்?" என்றார்.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நாலு பேருக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றால் எழுது என்று அவரே சொன்னார்.

அத்தானுக்கு அம்பாசமுத்திரத்தில் பந்தல் தொழில். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வேலையும் கிடையாது. அப்போதுதான் கூட்டாளிகளோடு கிளம்புவார். மும்பைக்குப் போகும் தாதர் ரயில் நம்ம திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்தே கோவாவின் மட்காவ் வழியாகப் போகிறது, வசதிதான். வைகாசியில் பந்தக்கால் நட்டுச் சம்பாதித்தது ஆடியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் இறங்கும்.

எங்களுக்குப் பேட்டையில் மளிகைக்கடை. பத்துக் கிலோ அரிசி வாங்குகிறவர் கூட்டிவந்த பிள்ளைக்கு அப்பா ஒரு கை பொரிகடலையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அதுதான் கொசுறு. அரிசி அவர் வீட்டுக்குப் போய்விட்டது, கடலை எங்கள் லாபத்திலிருந்து போனது. அத்தான் அந்தக் கார்டையும் இப்படித்தான் நினைத்திருந்தார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

மேசையில் உட்கார்ந்ததும் கார்டைக் கொடுக்க வேண்டும். சுற்றுக்குச் சராசரியாக எவ்வளவு வைக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்று மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார். பட்டனை அழுத்தி ஆடும் சூதாட்ட மெஷின் என்றால் கார்டைச் சொருகினால் போதும், ஒவ்வொரு அழுத்தலையும் அதுவே எண்ணிக்கொள்ளும். சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை சுற்று, எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கேசினோவுக்கு நிற்கும் சதவீதம், இந்த நான்கையும் பெருக்கினால் ஒரு தொகை வரும். இந்த ஆளிடமிருந்து நமக்கு இவ்வளவு வந்து சேரும் என்று அவர்கள் போடும் மதிப்பு அது. தொழிலில் இருப்பவர்கள் 'தியோ' என்று சுருக்கிச் சொல்வார்கள். அதில் ஒரு பங்குதான் கார்டில் புள்ளியாகச் சேர்ந்து, ரூமாகவும் பிரியாணியாகவும் திரும்பி வருகிறது.

அத்தான் ஆடுவது ரூலெட், சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள். அத்தனை எண்ணிலும் தலைக்கு ஒரு ரூபாய் வைத்தால் 37 ரூபாய் போட்டிருப்பீர்கள், எந்த எண் விழுந்தாலும் 36தான் கைக்கு வரும். அந்த ஒரு ரூபாய்தான் கேசினோவின் பங்கு, 2.7 சதவீதம். கேட்டால் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் சுற்றுக்கு ஆயிரம், மணிக்கு 40 சுற்று, ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ராத்திரிக்கு இரண்டு லட்சம் பந்தயம் ஆகிறது.

அத்தான் இங்கேதான் என்னை நிறுத்தினார். "நான் கொண்டுபோனதே அம்பதாயிரம்தான்டே, ரெண்டு லட்சம் எங்க இருந்து வந்துச்சு?" நல்ல கேள்வி. பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைதான் சிப்; ஜெயித்த சிப் வீட்டுக்கு வருவதில்லை, திரும்பவும் மேசைக்கே போகிறது. அதே ரூபாய் நாலு தடவை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் 2.7 கழிகிறது. இரண்டு லட்சத்துக்கு 5,400 ரூபாய். மூன்று ராத்திரிக்கு 16,200. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 3,240 ரூபாய். அவர் சொன்ன 'சும்மா' ரூமின் ஒரு ராத்திரி வாடகை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு ராத்திரி இருபத்திரண்டாயிரம் ஜெயிச்சேன், அன்னைக்கும் பாயிண்ட் போட்டானே?" என்றார். போடத்தான் செய்வார்கள். அன்றைக்கு நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அடுத்தடுத்து வந்தால் சராசரி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் வேண்டும். அதற்குத்தான் கார்டு.

இது ஏதோ குருட்டாம்போக்கில் வந்ததல்ல. அமெரிக்காவில் ஹாராஸ் என்ற கேசினோ நிறுவனத்துக்கு 1998-ல் கேரி லவ்மேன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் வேலைக்குப் போனார். கார்டுகளில் சேர்ந்த விவரங்களை அலசிப் பார்த்தார்கள். வருகிறவர்களில் 26 சதவீதம் பேர்தான் வருமானத்தில் 82 சதவீதத்தைத் தருகிறார்கள் என்று தெரிந்தது. 2003-ல் அவரே இதை எழுதினார். அந்த 26 சதவீதமும் கோடீஸ்வரர்கள் இல்லை. முன்னாள் ஆசிரியர்கள், டாக்டர்கள், வங்கிக்காரர்கள், பட்டறை மெக்கானிக்குகள், கையில் கொஞ்சம் பணமும் நேரமும் உள்ள நடுவயதுக்காரர்கள். இதைப் படித்தபோது எனக்கு அத்தான் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படி வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஏறிய படி பொதுவாக ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். புள்ளிகளுக்கும் காலாவதி உண்டு. இன்னும் கொஞ்சம் ஆடினால் கோல்டு நிற்கும் என்று தோன்றும்போது மனுஷன் ஆட்டத்துக்காக ஆடுவதில்லை, கார்டுக்காக ஆடுகிறான். எந்த ஆட்டத்துக்குப் புள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் மெஷினுக்குத்தான். பக்காரட் என்ற சீட்டாட்டத்தில் 'பேங்கர்' என்ற பக்கம் பணம் வைத்தால் கேசினோவுக்கு நிற்பது 1.06 சதவீதம்தான், மெஷினில் அதைவிடப் பல மடங்கு.

போனில் வரும் போனஸும் இதே சரக்குதான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, ஆனாலும் வெளிநாட்டுத் தளங்களின் மெசேஜ் நிற்கவில்லை. ஆயிரம் ரூபாய் போனஸ், அதை எடுக்க முப்பது மடங்கு ஆட வேண்டும் என்றால் முப்பதாயிரம் பந்தயம். நூற்றுக்கு நாலு கழிகிற ஆட்டமாக இருந்தால் அதிலேயே 1,200 போகும். ஆயிரத்துக்காக ஆயிரத்து இருநூறு.

நான் யாரையும் போகாதே என்று தடுக்கவில்லை. வருஷம் பூராவும் வெயிலில் பந்தல் கட்டுகிறவர், நாலு நாள் கூட்டாளிகளோடு போகிறார். போகிறவர்கள் கார்டை வாங்கிக்கொள்ளட்டும், ஆட நினைத்ததற்குக் கிடைக்கும் சாப்பாட்டைச் சாப்பிடட்டும். புள்ளிக்காக ஒரு சுற்றுகூடக் கூடுதலாக ஆட வேண்டாம். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் இருக்கிறவர்களும் 'இலவச ரூம்' மெசேஜைப் பரிசு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு கணக்குச் சீட்டு, படிக்கத் தெரிந்தால் உள்ளே தொகை இருக்கிறது.

போன வாரம் அப்படி ஒன்று வந்தது. இரண்டு ராத்திரி இலவசம், மாதக் கடைசிக்குள் வர வேண்டும். அக்கா போனை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். "ஏல, இப்படி வந்தா எவ்வளவு போகும்னு அர்த்தம்?" என்று கேட்டாள். சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். இரண்டு ராத்திரி வாடகை 6,480, அது ஐந்தில் ஒரு பங்கு என்றால் மொத்தம் சுமாராக 32,400. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அத்தான் போன் பண்ணினார். "அப்ப அந்த ரூமுக்கு நான்தான் துட்டு குடுத்திருக்கேனா மாப்ள?"

ஆமா அத்தான் என்றேன். தாதர் ரயிலுக்கு அவர் இன்னும் டிக்கெட் போடவில்லை.