நெட்டைத் துண்டித்தால் விர்ச்சுவல் மெஷின் தேதி மாறாதா?

வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரிப் பசங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் தேதியை மாற்றி நெட்டைத் துண்டித்தால் போதும், தேதி அப்படியே நிற்கும்." தப்பு. (விர்ச்சுவல்பாக்ஸ் என்பது உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்.)

அந்த மெஷினுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் (விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) போட்டிருந்தால் நேரம் உங்கள் லேப்டாப்பிலிருந்தே வருகிறது, நெட் அதற்குத் தேவையே இல்லை. வழக்கமான அமைப்பில் அதன் சர்வீஸ் 10 விநாடிக்கு ஒருமுறை ஹோஸ்ட் (அதாவது உங்கள் லேப்டாப்) கடிகாரத்தைப் பார்க்கும், வித்தியாசம் 20 நிமிடத்துக்குள் என்றால் மெல்ல மெல்ல இழுத்துச் சரிசெய்யும், அதற்கு மேல் என்றால் ஒரே தாவலில் மாற்றிவிடும். போன மாதத் தேதி வைத்த கொஞ்ச நேரத்தில் இன்றைய தேதி வந்து நிற்பது இதனால்தான் (வைரஸ் என்று யாரும் ஃபார்மட் போட்டுவிடாதீர்கள்).

தேதி மாறாமல் நிற்க, மெஷினை ஷட்டவுன் செய்து, ஹோஸ்டில் விபாக்ஸ்மேனேஜ் (VBoxManage) கட்டளை மூலம் 'கெட்ஹோஸ்ட்டைம்டிசேபிள்ட்' (GetHostTimeDisabled, ஹோஸ்ட் நேரத்தை எடுப்பதை அணைக்கும் அமைப்பு) மதிப்பை 1 ஆக்குங்கள். அப்புறம் பயாஸ் நேர ஆஃப்செட்டை (மெஷினின் நேரம் ஹோஸ்ட் நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும் என்பதை) மில்லி விநாடியில் கொடுக்கலாம். ஒரு நாள் பின்னால் போக மைனஸ் 86400000. நெட் இருந்தால் விண்டோஸின் சொந்த நேர சர்வீஸையும் நிறுத்தணும், அந்த அளவுக்கு மட்டும் அந்தச் செய்தி சரி.

விஎம்வேரில் (இதே வேலை செய்யும் இன்னொரு மென்பொருள்) நேர ஒத்திசைவு டிக்கை எடுத்தாலும் போதாது. ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்து வைத்த நிலைக்கு) திரும்பும்போதும் சஸ்பெண்டிலிருந்து (பாதியில் நிறுத்தி வைத்ததிலிருந்து) எழும்போதும் ஹோஸ்ட் நேரத்தை ஒருமுறை பிடித்துக்கொள்ளும். அதை விஎம்எக்ஸ் ஃபைலில் (அந்த மெஷினின் அமைப்புகள் இருக்கும் ஃபைல்) தனியாக அணைக்க வேண்டும்.